ராக்கெட் விடுகிற ஞாயிற்றுக்கிழமை: வேலூர்ப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு

எங்கள் குழுவோடு முதல் தடவை ராக்கெட் விட வருகிறவர்கள் கேட்கிற கேள்வி, "எவ்வளவு உயரம் போகும்?" இரண்டாவது தடவை வரும்போது அதே ஆட்கள் கேட்பது, "காற்று எந்தப் பக்கம் அடிக்குது?" நடுவில் என்ன நடந்திருக்கும் என்றால், ராத்திரி கண் விழித்துச் செய்த ராக்கெட்டைச் சீமைக்கருவேலத்து உச்சியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறியிருப்பார்கள். மேலே அனுப்புவது சுலபம், குளிர்பான பாட்டிலும் சைக்கிள் பம்பும் இருந்தால் எட்டு வயசுப் பிள்ளைகூட அனுப்பிவிடும். முழுசாகக் கீழே வந்து அன்றைக்கே இன்னொரு தடவை கிளம்புகிறதா என்பதைத்தான் நாங்கள் கணக்கில் வைப்போம். கீழே சொல்லியிருப்பதில் முக்கால்வாசி அந்தத் திரும்பி வருகிற வேலையைப் பற்றியது.

எந்த ராக்கெட்

மைதானத்தில் இரண்டு வகை கிளம்பும். ஒன்று தண்ணீர் ராக்கெட்: பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி இடத்தில் பம்பால் அடித்த காற்று. புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் செய்து எடுத்துவர வேண்டும். இன்னொன்று மோட்டார் ராக்கெட்: அட்டைக் குழாய் உடம்பு, அடியில் ஆலையில் செய்த சின்ன மோட்டார், அதாவது எரிமருந்து அடைத்த ஒரு கூடு, அதை பேட்டரியால் பற்றவைப்போம். மோட்டாரைக் குழுதான் முறையாக வாங்கி வைத்திருக்கும், பழைய ஆட்கள்தான் தொடுவார்கள். முதல் இரண்டு தடவை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், மூன்றாவது தடவை பொத்தான் உங்களுக்கு.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். தீபாவளி வெடியைப் பிரித்து மருந்து சேர்த்துக்கொண்டோ, ஏதோ வீடியோவைப் பார்த்து வீட்டில் கலந்துகொண்டோ யாரும் வராதீர்கள், மைதானத்துக்குள்ளேயே விடமாட்டோம். உரிமம் இல்லாமல் வெடிபொருள் செய்வது 1884-ஆம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். சட்டம் கிடக்கட்டும், விரல் போனால் வராது. இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே அதனால்தான். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர் 1954-இல் காகித உடம்பு, மாற்றிப் போடக்கூடிய மோட்டார், இறங்க ஒரு குடை (பாராசூட்) என்று ஒரு சின்ன ராக்கெட்டைச் செய்தார். 1957-இல் ரஷ்யாவின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் மேலே போனதும் அங்கே பையன்கள் வீட்டுக்கு வீடு இரும்புக் குழாயில் மருந்து அடைத்துக் கையைக் காலைச் சுட்டுக்கொண்டிருந்த சமயத்தில், கார்லைலின் வழிதான் அவர்களைக் காப்பாற்றியது. மருந்து இடிக்கிற வேலையை ஆலைக்குக் கொடுத்துவிட்டு, மீதியைப் பையன்கள் செய்யட்டும் என்பதுதான் ஏற்பாடு. நாம் அதையும் ஒரு படி குறைத்துத் தண்ணீரில் ஆரம்பிக்கிறோம்.

எந்த மாசம், எந்த இடம்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பாட்டில் எம்மாத்திரம்? ஆடியில் நாங்கள் கடையையே திறப்பதில்லை. அதற்கு முன்னால் சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஒன்பது மணிக்கே தரை கொதிக்கும், கொதிக்கிற தரையிலிருந்து எழுகிற சூடான காற்று குடையைக் கீழே இறங்கவிடாமல் தூக்கிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆக, தை பிறந்ததிலிருந்து மாசிக் கடைசி வரை, காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரைக்குள் என்பதுதான் எங்கள் கணக்கு.

இடத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. தை மாசத்தில் ஏரிகளில் தண்ணீர் கிடக்கும், அதனால் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கின கொல்லையாகப் பார்த்துச் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பங்குனிக்கு மேல் ஏரி காய்ந்து நல்ல மைதானமாகிவிடும், ஆனால் அதற்குள் வெயில் வந்துவிடும், போதாக்குறைக்கு ஏரி முழுக்கச் சீமைக்கருவேலம். இரண்டுக்கும் நடுவில் மாசியில் கிடைக்கிற நாலு ஞாயிறுதான் உண்மையில் நல்ல நாட்கள். அதிலும் பொங்கலிலிருந்து மாசி வரை நம் பக்கத்து ஊர்களில் எருது விடும் விழா நடக்கும். அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ அன்றைக்கு மாடு விடுகிறார்களா என்று விசாரிக்காமல் இடம் பேசாதீர்கள். மிரண்ட காளை ஒரு பக்கம், விழாவுக்கு வந்த கூட்டம் இன்னொரு பக்கம், நடுவில் உங்கள் பாட்டில்.

நாலு பக்கமும் குறைந்தது நூறு, நூற்றைம்பது மீட்டர் வெட்டவெளி வேண்டும். உயர் அழுத்த மின்கம்பி பக்கத்தில் ஓடினால் அந்த இடம் வேண்டாம். காட்பாடியைச் சுற்றி நாலு திசையிலும் தண்டவாளம் பிரிகிறது, அதிலிருந்து தள்ளியே இருங்கள். அப்துல்லாபுரம் விமான ஓடுதளத்துப் பக்கம் நினைத்தும் பார்க்க வேண்டாம். இதெல்லாம் குழு பார்த்துக்கொள்ளும், ஊராட்சியிலும் காவல் நிலையத்திலும் முந்தின வாரமே கடிதம் கொடுத்துவிடுவோம். ஆனால் ஆசைப்பட்டு நீங்களே வீட்டுப் பக்கம் ஒன்று விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிற நாள் வரும், அப்போது இந்தப் பத்தி ஞாபகம் இருக்கட்டும்.

பாட்டில் ராக்கெட் செய்கிற முறை

இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டு வாங்குங்கள். சோடா, கோலா மாதிரி பொங்குகிற பானத்தின் பாட்டிலாக இருக்க வேண்டும், குடிதண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது. பொங்குகிற பானத்துக்கு என்றே செய்த பாட்டில் உள்ளே இருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும்படிதான் வடிவமே, அதன் அடிப்பாகம் பூவிதழ் மாதிரி ஐந்து புடைப்பாக இருக்கும், பார்த்தாலே தெரியும். கீறல், நசுங்கல் இருந்தால் அதைப் பூந்தொட்டி ஆக்கிக்கொள்ளுங்கள். ஒட்டவில்லையே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தேய்த்த இடத்தில்தான் கிழியும். சூடான பசைத் துப்பாக்கியும் பாட்டிலில் நேராக வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக் சுருங்கிப் பலம் போகும். அகலமான டேப்பும் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பும் போதும்.

புதியவர்கள் தவறாமல் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது, பாட்டிலை நேராக வைத்து, மூடிப் பக்கம் மூக்கு என்று நினைத்துக்கொள்வது. தலைகீழாக வையுங்கள். வாய்தான் கீழே, அது வழியாகத்தான் தண்ணீர் பீறிடும். இறக்கைகள் வாய்ப் பக்கம் வரும். பிளக்ஸ் கடையில் கழித்துப் போடுகிற சன்பேக் ஷீட்டில் (உள்ளே குழல் குழலாக இருக்கிற பிளாஸ்டிக் அட்டை) மூன்று இறக்கை வெட்டுங்கள், ஒவ்வொன்றும் உங்கள் உள்ளங்கை அளவு. மூன்றும் சம இடைவெளியில் வர ஒரு வழி: ஒரு காகிதப் பட்டையைப் பாட்டிலைச் சுற்றி, சந்திக்கிற இடத்தில் வெட்டி, அந்தப் பட்டையை மூன்றாக மடித்தால் மடிப்பு விழுகிற இரண்டு இடமும் பட்டையின் முனைகள் சந்திக்கிற இடமும்தான் இறக்கை வருகிற இடம். வாயைச் சுற்றி நாலு விரல் இடம் காலியாக விடுங்கள், அங்கேதான் ஏவுமேடையின் பிடி வந்து மாட்டும். போன மாசிக்கு அழகான ராக்கெட் ஒன்று வந்தது, வெள்ளி நிறம், தேசியக்கொடி எல்லாம் போட்டு. இறக்கை வாய்க்குக் கீழே இறங்கியிருந்ததால் மேடையில் உட்காரவே இல்லை. அந்தப் பிள்ளையின் முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இரண்டாவது பாட்டிலின் மேல் பாதியை வெட்டி எடுத்தால் அதுதான் மூக்கு. உச்சியில் ஒரு உருண்டை விளையாட்டுக் களிமண், ஐம்பது கிராம் போல, வைத்து, அதற்கு மேல் பாதியாக வெட்டின டென்னிஸ் பந்தைக் கவிழ்த்து ஒட்டிவிடுங்கள். களிமண் எதற்கு என்று அடுத்துச் சொல்கிறேன். பந்து எதற்கு என்றால், குடை விரியாமல் அது உங்கள் தலையில் விழும் நாளுக்கு.

குடை: பெரிய குப்பை கவரை விரித்து இரண்டு அடி அகலத்துக்கு எட்டு மூலை வருகிற மாதிரி வெட்டுங்கள். எட்டு மூலையிலும் டேப் ஒட்டி, அந்த டேப்பில் துளை போட்டு நூல் கட்டுங்கள், வெறும் கவரில் கட்டினால் கிழித்துக்கொண்டு வரும். தையல் நூல் சிக்கும், கொஞ்சம் தடித்த ட்வைன் நூலாக வாங்குங்கள், ஒவ்வொரு நூலும் குடையின் அகலத்தைவிடக் கொஞ்சம் நீளம். நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தால் குடை ஊஞ்சல் ஆடாமல் இறங்கும். மூக்கைப் பாட்டில் மேல் இறுக்காமல் தொப்பி மாதிரி சும்மா கவிழ்த்து, உள்ளே குடையை மடித்து வைக்க வேண்டும், மூக்கையும் பாட்டிலையும் ஒரு நீளக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். மேலே போகும்போது காற்று அந்தத் தொப்பியை அழுத்திப் பிடித்திருக்கும், உச்சியில் வேகம் செத்ததும் தொப்பி நழுவிக் குடை வெளியே வரும். வரும் என்று எழுதிவிட்டேன், உண்மையைச் சொன்னால் பாதித் தடவைதான் வரும். தொப்பி இறுக்கமாக இருந்தால் வராது, ரொம்பத் தளர்ச்சி என்றால் மேடையை விட்டுக் கிளம்பும்போதே விழுந்துவிடும். ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறினால் தொப்பி விழ வேண்டும், உதறாமல் விழக்கூடாது. இதுதான் சரியான பதம்.

தலையைச் சுற்றி ஒரு சுற்று

இனிமேல் வருவதுதான் எல்லாரும் தாண்டிப்போகிற வேலை. ராக்கெட் முழுசாகச் செய்து முடித்ததும், தண்ணீர் ஊற்றாமல், அதை ஒரு விரலில் குறுக்கே வைத்து எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி டேப் போட்டு, இரண்டு மீட்டர் கயிறு விட்டு, மொட்டை மாடியில் நின்று தலைக்கு மேல் கவண் மாதிரி சுழற்றுங்கள். மூக்கு முன்னால், வால் பின்னால் என்று ஒழுங்காகச் சுற்றி வந்தால் ராக்கெட் நேராகப் போகும். குறுக்காகப் புரண்டாலோ, வாலை முன்னால் வைத்துச் சுற்றினாலோ மைதானத்திலும் அதையேதான் செய்யும், அங்கே அது யார் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. எடை மையம் முன்னால் இருக்க வேண்டும், காற்று தள்ளுகிற மையம் பின்னால் இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது உடம்பின் ஒரு குறுக்களவு தூரம் வேண்டும். காற்று தள்ளுகிற இடத்தைத் தோராயமாகக் கண்டுபிடிக்க, ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தை ஒரு அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டையை விரலில் நிறுத்திப் பாருங்கள், அது சமமாக நிற்கிற இடம்தான். சுழற்றும்போது தள்ளாடினால் மூக்கில் இன்னும் கொஞ்சம் களிமண், இல்லாவிட்டால் பெரிய இறக்கை. தீபாவளி ராக்கெட்டில் அந்த நீளக் குச்சி எதற்கு என்று யோசித்திருக்கிறீர்களா? அதேதான். 1780-இல் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயர் மேல் விட்ட ராக்கெட்டுகளும் இரும்புக் குழாயை நீள மூங்கிலில் கட்டியவைதான். 1799-இல் திப்பு விழுந்த பிறகு அவர் பிள்ளைகளை நம் வேலூர்க் கோட்டையில்தான் கொண்டுவந்து அடைத்தார்கள், கோட்டைக்குள் போகிறபோது திப்பு மகாலைப் பார்த்திருப்பீர்கள். ஹைதரின் ஆட்கள் மூங்கிலால் செய்ததை நாம் சன்பேக் ஷீட்டால் செய்கிறோம், வித்தியாசம் அவ்வளவுதான்.

முந்தின நாள்

பையில் எடுத்து வைக்க வேண்டியவை: தொப்பி, மூடின செருப்பு அல்லது ஷூ, இரண்டு லிட்டர் குடிதண்ணீர், டேப், கத்தரிக்கோல், மார்க்கர் பேனா, மீதமிருக்கிற சன்பேக் துண்டு, முகப்பவுடர் டப்பா. கண்ணாடி போடாதவர்கள் ஒரு சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பம்ப், மேடை, அளவு மீட்டர் எல்லாம் குழுவினுடையது.

ராக்கெட் மேல் மார்க்கரில் உங்கள் போன் நம்பரையும், பெரிய எழுத்தில் "பொம்மை ராக்கெட், ஆபத்தில்லை" என்றும் தமிழில் எழுதுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விடியற்காலையில் கொல்லைக்கு வருகிற ஒருவர், இறக்கையும் கயிறும் தொங்குகிற ஒரு குழாயைத் தன் மல்லாட்டைச் செடி நடுவில் பார்த்தால் என்ன நினைப்பார்?

முந்தின நாளே ராக்கெட்டைக் காரில் வைத்துவிடலாமே என்று நினைக்காதீர்கள். ஒரு பங்குனி மாசம் நான் அப்படித்தான், மதியம் பின் கண்ணாடிக்கு அடியில் இரண்டை வைத்துவிட்டு ஆற்காடு ரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஒன்றின் இறக்கை மூன்றும் உதிர்ந்து கிடந்தது, இன்னொரு பாட்டில் முதுகு கூனிப்போய் நின்றது. பார்க்க நன்றாக இருக்கிற பாட்டில்கூட அந்த மாதிரி சூடு கண்டிருந்தால் அதில் காற்று அடிக்காதீர்கள்.

குடையையும் ராத்திரியே மடித்துத் திணித்து வைக்காதீர்கள். மடிப்பு படிந்துபோய், விரிய வேண்டிய இரண்டு விநாடியில் அது சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். மைதானத்தில், உங்கள் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், முகப்பவுடரைத் தூவி மடிக்க வேண்டும். தை மாசப் பனியில் பிளாஸ்டிக் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், பவுடர் அதற்குத்தான்.

மைதானத்தில்

ஆறு மணிக்கு வந்ததும் முதல் வேலை கிணறு பார்ப்பது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது புரியாது. நம் பக்கத்துக் கொல்லைகளில் தரைமட்டத்துக்கு, சுற்றுச்சுவர் எதுவும் இல்லாமல், வாய் பிளந்துகொண்டு ஐம்பது அடி ஆழக் கிணறு இருக்கும். ராக்கெட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடுகிற கூட்டத்துக்கு இதைவிட ஆபத்து எதுவும் இல்லை, மோட்டாரும் இல்லை, பாட்டிலும் இல்லை. கிணற்றைச் சுற்றிக் கம்பு நட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டுவோம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் நேரில் காட்டுவோம். கூட வருகிற பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் பொறுப்பு, இது மாறாத விதி.

அப்புறம் காற்று. ஒரு மூங்கில் கம்பில் குடியாத்தம் லுங்கித் துண்டு ஒன்று கட்டி வைத்திருப்போம், அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். துணி தொங்கினால் எல்லாரும் விடலாம். பாதி எழுந்தால் குடைக்குப் பதிலாக நீள நாடா கட்டின ராக்கெட்டுகள் மட்டும். முழுசாக எழுந்து படபடத்தால் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டியதுதான். ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், நூறு மீட்டர் உயரத்தில் குடை விரிந்து விநாடிக்கு ஐந்து மீட்டர் இறங்கினால் தரைக்கு வர இருபது விநாடி ஆகும். காற்று விநாடிக்கு நாலு மீட்டர் அடித்தால், நமக்கு அது இதமான காற்றுதான், அந்த இருபது விநாடிக்குள் ராக்கெட் எண்பது மீட்டர் தள்ளிப்போய்விடும். எண்பது மீட்டருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கை வைத்த ராக்கெட் மேலே போகும்போது காற்று வருகிற திசைக்கு மூக்கைத் திருப்பும், குடை விரிந்தபின் காற்றோடு திரும்பி வரும். அதனால் மேடையைக் காற்றை எதிர்த்து ஒரு சில டிகிரி சாய்த்தால் நம் பக்கத்திலேயே வந்து இறங்கும். செங்குத்திலிருந்து முப்பது டிகிரிக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் சாய்ப்பதில்லை.

ஒவ்வொரு மணி நேரமும் ஒருவர் பொறுப்பில் இருப்பார், அவரை அம்பயர் என்போம். அவர் சொல்லாமல் யாரும் பம்ப் அடிக்கக்கூடாது. வயசில் சின்னவராக இருந்தாலும் அம்பயர் அம்பயர்தான், எங்கள் குழுவில் ஒரு கல்லூரிப் பெண் "அண்ணா, தள்ளி நில்லுங்கண்ணா" என்று ஒரு அதட்டுப் போட்டால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரே நாலு அடி பின்னால் போவார்.

உங்கள் முறை வந்ததும் இப்படித்தான் நடக்கும். பாட்டிலில் அறுநூற்றைம்பது மில்லி தண்ணீர். தண்ணீர் குறைந்தால் புஸ்ஸென்று காற்று மட்டும் போய்விடும், அதிகமானால் காற்றுக்கு இடம் இல்லாமல் பாரத்தோடு முக்கிக்கொண்டு கிளம்பும். பாட்டிலை மேடைக் குழாயில் செருகினால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் இறுக்கும், கழுத்தைச் சுற்றி இருக்கிற கேபிள் டை கொக்கிகள் பாட்டிலின் கழுத்து விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், அந்தக் கொக்கிகள் பிரியாமல் ஒரு அகலக் குழாய் வளையம் மேலேறி நிற்கும், அந்த வளையத்தைக் கீழே இழுத்துவிட ஒரு கயிறு கட்டியிருக்கும். மேடையிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்று பம்ப் அடிக்கிறோம். அழுத்த மீட்டரில் ஐம்பது பி.எஸ்.ஐ. வந்ததும் நிறுத்த வேண்டும். கார் டயருக்கு முப்பது சில்லறை அடிப்பார்களே, அதைப்போலக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். அறுபது அடித்தால் இன்னும் உயரம் போகாதா என்று ஒருவர் கேட்பார், எல்லாத் தடவையும் ஒருவர் கேட்பார். போகும். ஆனால் அதே பாட்டில் ஏழெட்டுத் தடவை ஏறி இறங்கிக் களைத்திருக்கும், அது எப்போது விட்டுக்கொடுக்கும் என்று அதற்கே தெரியாது. காற்று ஏறின பாட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் போகக்கூடாது, சாய்ந்திருந்தாலும் ஒழுகினாலும் கயிற்றை இழுத்து அவிழ்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அம்பயர் ஐந்திலிருந்து எண்ணுவார். உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும், போனைப் பார்க்கிறவர்கள் மேலே பார்க்க வேண்டும். பூஜ்யத்தில் கயிற்றை ஒரே இழுப்பாக, தயங்காமல் இழுங்கள். தயங்கி இழுத்தால் ஒரு பக்கக் கொக்கி மட்டும் விட்டு ராக்கெட் சாய்ந்து கிளம்பும். தண்ணீர் மொத்தமும் கண் இமைக்கிற நேரத்தில் காலியாகிவிடும், மேடைக்குப் பக்கத்தில் ஒரு மழைத் தூறல் விழும், ராக்கெட் அதற்குள் தென்னை மரத்தை இரண்டு அடுக்கின உயரத்தில் இருக்கும்.

அந்த உயரத்தை அளக்கலாம். ஜியாமெட்ரி பாக்ஸ் பாகைமானியின் நேர் விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நடுப்புள்ளியிலிருந்து நூலில் ஒரு நட்டு தொங்கவிடுங்கள். மேடையிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி நின்று, ஸ்ட்ரா வழியாக ராக்கெட் உச்சியில் நிற்கிற கணத்தைப் பார்த்து, நூலை விரலால் அமுக்கிப் பிடியுங்கள். நூல் தொண்ணூறிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அதுதான் கோணம். நாற்பத்தைந்து என்றால் ஐம்பது மீட்டர், முப்பது என்றால் இருபத்தொன்பது, அதோடு உங்கள் கண் உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பில் படித்த டேன் தீட்டா எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் இந்த வேலைக்குச் சண்டை போடுவார்கள்.

மோட்டார் வரிசை

எட்டு மணிக்கு மேல், காற்று அனுமதித்தால், மோட்டார் ராக்கெட்டுகள். மோட்டார் மேல் ஏ8-3, பி6-4, சி6-5 என்று அச்சடித்திருக்கும். எழுத்து மொத்தச் சக்தி, ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டிப்பாகும்: ஏ என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன் விநாடி, பி 5, சி 10. அடுத்த எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கோட்டுக்கு அப்புறம் வருகிற எண், எரிந்து முடித்தபின் எத்தனை விநாடி சும்மா மிதந்துவிட்டுக் குடையை வெளியே தள்ளும் என்பது. புதிய ராக்கெட்டுக்கு எப்போதும் சின்ன எழுத்துதான் முதலில், ஏ-யில் ஒழுங்காகத் திரும்பி வந்தால்தான் சி.

குடையை வெளியே தள்ளுவது ஒரு சின்ன நெருப்பு, அதனால் மோட்டாருக்கும் குடைக்கும் நடுவில் எரியாத தாள் கசக்கி வைப்பார்கள். நாலு சதுரம் வைக்க வேண்டிய இடத்தில் சோம்பேறித்தனமாக இரண்டு வைத்தால், மேலே விரிவது குடை இல்லை, சல்லடை. மேடையைச் சுற்றிக் காய்ந்த புல்லை நாங்கள் முதலிலேயே செதுக்கிவிடுவோம், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் இருக்கும். மாசியில் நம் பக்கத்துப் புல் தீப்பெட்டியைப் பார்த்தாலே பற்றிக்கொள்ளும்.

எல்லாரும் குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி. பற்றவைக்கிற பெட்டிக்கு ஒரு சாவி உண்டு, அந்தச் சாவி இல்லாமல் பொத்தான் வேலை செய்யாது. மேடைக்குப் பக்கத்தில் யார் குனிந்து ஒயர் மாட்டுகிறாரோ அவர் கழுத்தில்தான் சாவி தொங்கும். ராக்கெட்டை நேராகப் பிடிக்கிற கம்பியின் நுனியில் ஒரு மூடி இருக்கும், அதை எடுத்துவிட்டால் குனியாதீர்கள், அது கண் உயரத்தில் இருக்கிறது.

பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்காவிட்டால், சாவியைப் பிடுங்கிவிட்டு அறுபது விநாடி நிற்க வேண்டும். கேட்கும்போது கொஞ்ச நேரமாகத்தான் தோன்றும், நின்று பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். முதல் பத்து விநாடி எல்லாரும் மேடையை முறைப்பார்கள். இருபதில் ஒருவர் "பேட்டரி வீக்" என்பார். முப்பதில் எங்கோ ஒரு மயில் அகவும், நாற்பதில் ஒரு கால் தன்னாலே முன்னால் வரும், யாராவது சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். என் சட்டையையே இழுத்திருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். போய்ப் பார்த்தால் பத்துக்கு எட்டு தடவை இரண்டு கிளிப்பும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும்.

தேடுவது

ராக்கெட் இறங்கினதும் ஓடாதீர்கள். நின்ற இடத்தில் நின்று, அது மறைந்த திசைக்குக் கையை நீட்டி, அந்தக் கைக்கு நேராக அடிவானத்தில் ஒரு பனைமரத்தையோ மோட்டார் கொட்டகையையோ குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கிற இன்னொருவரும் இதையே செய்யட்டும். ஒருவர் பனைமரத்தை நோக்கி நேர்கோட்டில் நடக்க வேண்டும், மற்றவர் தன் கோட்டிலிருந்து சத்தம் கொடுக்க வேண்டும், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தைச் சுற்றி இருபது அடிக்குள் கிடக்கும். ஓடினவர்கள் வரப்பு தாண்டினதும் எந்தத் திசை என்பதையே மறந்துவிட்டு மதியம் வரை சுற்றுவார்கள்.

மின்கம்பியில் மாட்டினால் அது போனதுதான், கழி எடுத்துக்கொண்டு யாரும் போகக்கூடாது. கம்பிவேலியைக் கண்டால் தொடாதீர்கள், காட்டுப்பன்றிக்காக மின்சாரம் விட்டிருக்கலாம். பயிர் நிற்கிற கழனிக்குள் கேட்காமல் இறங்காதீர்கள். கருவேலத்தில் மாட்டினால் எங்களிடம் நீளத் தொரட்டி இருக்கிறது, ஆனால் முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், ஷூ போட்டவர்தான் போக வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் மோட்டார் கூடுகள், எரியாத தாள், வெட்டிப்போட்ட கேபிள் டை எல்லாவற்றையும் பொறுக்கி எண்ணுவோம், மாடு மேய்கிற இடம்.

கிடைக்காமல் போனாலும் நம்பரை எழுதியிருந்தால் நம்பிக்கையை விட வேண்டாம். போன வருஷம் தை மாசம் என் சிவப்புக் குடை ராக்கெட் ஒன்று ஏரிக்கரையைத் தாண்டிப் போனது, ஆறு பேர் ஒரு மணி நேரம் தேடினோம், கிடைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். "தம்பி, ஆடு ஓட்டிக்கினு வந்தேன், உங்க குடை ஒண்ணு இங்க வேலியில கெடக்குது. பொம்மைன்னு எழுதியிருக்குது, எடுக்கலாமா?" பனியில் ஊறி அட்டைக் குழாய் கூழாகிப்போயிருந்தது, இறக்கையில் இரண்டைக் காணோம். குடை மட்டும் நன்றாக இருந்தது, கழுவிக் காயவைத்துப் புது ராக்கெட்டில் மாட்டியிருக்கிறேன். வருகிற ஞாயிறு வந்தால் பாருங்கள், ஒரு மூலையில் ஆடு கடித்த அடையாளம் இருக்கும்.